விழத் தெரிந்தவள்

காஜா பெராங், மலாக்கா
4 நவம்பர் 1956

ருக்மணிக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை.

நேற்று பஸ் பரிசோதகர் அப்பாசாமி நம் வீட்டுக்கு வந்தார். மச்சினன் கல்யாணத்துக்குச் சிங்கப்பூர் போனவர், திரும்புவதற்குமுன் அங்கே ஒரு கேளிக்கைப் பூங்காவில் தமிழ் நாடகம் பார்த்திருக்கிறார். உட்கார்ந்ததுமே சிரிக்கத் தொடங்கிவிட்டார். "பொன்னுதுரை, அச்சு அசலா நம்ம ருக்கு மாதிரியே ஒரு பொண்ணு. பாத்திரம் பண்டமெல்லாம் தூக்கிக்கிட்டு படிக்கட்டுல இருந்து உருண்டா பாருங்க, எனக்கு வயிறு புண்ணாப் போச்சு" என்றார். உன் அண்ணி கோகிலா காப்பியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மாதிரி இல்லை, நீயேதான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு உன்னை வளர்த்தது நான். தட்டெழுத்து படிக்கட்டும் என்றுதான் சாரதாம்பாள் சித்தி வீட்டுக்கு உன்னைச் சிங்கப்பூர் அனுப்பினேன். "ஒரு நாடக சபாவில் வேலை கிடைத்திருக்கிறது" என்று எழுதினாய். கடிதம் தட்டுகிற வேலை என்று நினைத்தோம். காஜா பெராங்கில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

நீ பாடுகிறாய், ஆடுகிறாய் என்றால்கூட மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, ஊர் பார்க்க விழுந்து உருள்வதா? அதற்குக் கூலியா?

இந்த வாரமே பஸ் ஏறு. நேரில் பேசிக்கொள்ளலாம்.

பொன்னுதுரை


சிங்கப்பூர்
11 நவம்பர் 1956

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இவ்வளவு கோபத்திலும் உங்கள் எழுத்து ஒன்றுகூடக் கோடு தாண்டவில்லை. ஆபீஸ் கிராணி உத்தியோகத்துக்கென்றே பிறந்தவர் நீங்கள்.

அப்பாசாமி மாமா பார்த்தது என்னைத்தான். நீங்கள் தட்டெழுத்து வேலை என்று நினைத்தீர்கள், நானும் திருத்தவில்லை. முதலில் அந்த வேலைதான் செய்தேன், அது பொய் இல்லை.

எங்கள் சபாவில் சிரிப்புக் காட்சிகளுக்கு நல்லையா அண்ணன் இருக்கிறார். அவருக்கு மனைவியாகப் புடவை கட்டி நடித்தவர் ஓர் ஆண். அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். இனி யார் என்று பேச்சு வந்தபோது எங்கள் முதலாளி ராஜரத்தினம், "பொம்பள விழுந்தா ஜனங்க பாவம்னுதான் சொல்வாங்க, சிரிக்க மாட்டாங்க" என்றார். நான் ஓரமாக உட்கார்ந்து விளம்பரம் தட்டிக்கொண்டிருந்தேன். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து, நாற்காலியில் உட்காருவதுபோல் போய், நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தரையில் விழுந்த பிறகும் கைகள் மேசைமேல் தட்டிக்கொண்டே இருந்தன. முதலாளி சிரித்துவிட்டார். சிரித்துவிட்டோமே என்று அவருக்குக் கோபம். அந்தக் கோபத்தோடேயே வேலை கொடுத்தார்.

அது திடீரென்று வந்ததில்லை, அண்ணா. அதற்குமுன் பல வாரம் காலையில் நல்லையா அண்ணனோடு சாக்குகளின்மேல் விழுந்து பழகியிருந்தேன். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மூச்சை விட்டுவிட வேண்டும். கை ஊன்றக் கூடாது, ஊன்றினால் மணிக்கட்டு போகும். தோள் முதலில், பிறகு முதுகு, பிறகு இடுப்பு. இதெல்லாம் பாதி வேலை. மீதி, எப்போது விழுவது என்பது. கொஞ்சம் முந்திவிட்டால் ஜனங்கள் "ஐயோ" என்பார்கள். கொஞ்சம் பிந்திவிட்டால் கொட்டாவி விடுவார்கள். நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த இரவில் எனக்குச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

போன மாதம் முதலாளி கேட்டார்: கதாநாயகிக்குத் தோழியாகப் போகிறாயா, பூக்கூடையோடு நின்றால் போதும், அடிபடாது என்று. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். வரமாட்டேன், அண்ணா. கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் கடிதம் எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் தங்கை
ருக்மணி


காஜா பெராங்
20 ஜனவரி 1957

ருக்மணிக்கு,

பொங்கலுக்கு நீ அனுப்பிய துணிகள் வந்தன. அலமாரியில் வைத்திருக்கிறோம்.

செய்தி எங்கள் நகராண்மைக் கழக ஆபீஸ்வரை வந்துவிட்டது. அப்பாசாமிக்கு வாய் சும்மா இருக்காது. வெள்ளிக்கிழமை நான் உள்ளே நுழைந்ததும் தலைமைக் கிராணி தம்பிராஜா, கையில் கோப்புகளோடு தடுமாறுவதுபோல் ஆடி, மேசையைப் பிடித்துக்கொண்டு, "இப்படித்தானா பொன்னுதுரை, ஒங்க வீட்டுப் பொண்ணு வேலை?" என்றார். ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

உனக்கு ஒன்று தெரியாது. நீ அப்போது கைக்குழந்தை. தோட்டத்தில் அப்பா ஒருநாள் ரப்பர் பால் வாளிகளோடு சேற்றில் வழுக்கி விழுந்தார். துரையும் அவன் விருந்தாளிகளும் காரில் உட்கார்ந்திருந்தார்கள். பால் தலையெல்லாம் வழிய அவர் எழுந்து நின்றதைப் பார்த்து அவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அப்பா தொப்பியைக் கழற்றி அவர்களுக்குச் சலாம் வைத்தார். நான் பார்த்தேன். நம் வீட்டில் இனி யாரையும் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது என்றுதான் அவர் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்.

அதே சிரிப்பை நீ டிக்கட் போட்டு வாங்குகிறாய்.

அந்தத் தொழிலை விடும்வரை இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம்.

பொன்னுதுரை


ஜொகூர் பாரு ஆஸ்பத்திரி
3 ஏப்ரல் 1957

அன்புள்ள அண்ணனுக்கு,

கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். இடது கையால் எழுதுகிறேன். அப்பாசாமி மாமா சொல்லித் தெரிவதைவிட நானே சொல்வது நல்லது. வலது பக்கம் கழுத்தெலும்பு உடைந்துவிட்டது. இங்கே நாடகம் போட வந்த இடத்தில், ஏணிக் காட்சியில் ஏணியைக் கட்டியிருந்த கயிறு நழுவிவிட்டது. யார்மேலும் குற்றமில்லை, மழையில் நனைந்த கயிறு.

எனக்கு ஆச்சரியம் என்ன தெரியுமா? தினமும் அந்த ஏணியிலிருந்து விழும்போது கொட்டகை அதிரும். அன்று விழுந்தபோது ஒரு சத்தம் இல்லை. குழந்தைகள்கூடச் சிரிக்கவில்லை. நான் வாய் திறப்பதற்குமுன்பே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. முன்வரிசையிலிருந்து ஒரு சீனக் கிழவி மேடைமேல் ஏறி வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

அதனால்தான் உங்கள் ஜனவரிக் கடிதத்துக்கு இப்போது பதில் எழுதத் துணிந்தேன். அப்பா கதையைப் படித்துவிட்டு அன்று இரவு என்னால் மேடை ஏற முடியவில்லை, நல்லையா அண்ணன் தனியாகச் சமாளித்தார். ஆனால் அண்ணா, அந்தத் துரை சிரித்தது அப்பாவுக்கு நிஜமாகவே அடிபட்டபோது. என் ஜனங்கள் அப்படிச் சிரிக்க மாட்டார்கள். அதை இப்போது கண்ணால் பார்த்துவிட்டேன்.

ஆறு மாதம் விழவே கூடாது என்கிறார் டாக்டர். விழாத ருக்மணியை வைத்துக்கொண்டு முதலாளி என்ன செய்வார் என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது. வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்க இதை எழுதவில்லை. நீங்கள் சொன்னது நினைவில் இருக்கிறது.

ருக்மணி


காஜா பெராங்
15 ஏப்ரல் 1957

ருக்குவுக்கு,

நான் வந்திருந்தேன்.

உன் கடிதம் கிடைத்த மறுநாளே பஸ் ஏறினேன். மூவாரில் இறங்கி மாறினேன். வழியில் ராணுவச் சோதனை வேறு, போய்ச் சேர மாலையாகிவிட்டது. கோகிலா கொடுத்த தைலமும் பிஸ்கட் டின்னும் கையில் இருந்தன. உன் வார்டு எது என்று கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. தாழ்வாரம் முழுக்கச் சிரிப்புச் சத்தம்.

கதவருகே நின்றேன். நீ கட்டிலில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையோடு, தேநீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோக முயன்றுகொண்டிருந்தாய். கோப்பை ஒரு பக்கம் போகிறது, வாய் ஒரு பக்கம் போகிறது. நீ கோப்பையை ஏமாற்றப் பார்க்கிறாய், கோப்பை உன்னை ஏமாற்றுகிறது. பக்கத்துக் கட்டில் மலாய் அம்மா வயிற்றில் தையலைப் பிடித்துக்கொண்டு, "சூடா லா, சூடா, பெருட் சாகிட்!" என்று கெஞ்சினாள். போதும் போதும், வயிறு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே கண்ணை மட்டும் உன்மேலிருந்து எடுக்கவில்லை.

நான் உள்ளே வந்தால் நீ நிறுத்திவிடுவாய் என்று தோன்றியது. டின்னை மரியம் என்ற தாதியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். போனவர் ஒரு வார்த்தை பேசாமலா வந்தீர்கள் என்று கோகிலா இன்றுவரை என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

அந்த வார்டில் சிரித்த யாரும் துரையைப்போல் சிரிக்கவில்லை. பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். வேறு முடிவு எதுவும் செய்யவில்லை.

தைலத்தைத் தோளில் தேய்க்காதே, சுற்றிலும் தேய்.

பொன்னுதுரை


சிங்கப்பூர்
9 ஜூன் 1957

அன்புள்ள அண்ணனுக்கு,

டின்னைக் கொடுத்தபோது மரியம், "குடையோட ஒரு ஆள் நின்னாரு, கண்ணத் தொடச்சிக்கிட்டே போனாரு" என்றாள். சிரித்துத் துடைத்தாரா, அழுது துடைத்தாரா என்று கேட்டேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்களைக் கேட்க மாட்டேன்.

கட்டுப் பிரித்தாகிவிட்டது. வேலையும் போகவில்லை. எப்படி என்று கேளுங்கள்.

விழ முடியாது என்றதும் முதலாளி, "விழாத கோமாளிக்கு யாரு டிக்கட் வாங்குவா?" என்று கையை விரித்துவிட்டார். நான் இரண்டு வாரம் ஓரமாக உட்கார்ந்து விளம்பரம் தட்டினேன். அப்படி உட்கார்ந்திருந்தபோது தோன்றியதுதான் இது. நான் விழ வேண்டாம், மற்றதெல்லாம் விழட்டும்! ஒரு வீடு. விருந்து நாள். தலைக்குமேல் உயரத்துக்குத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நான் சமையலறையிலிருந்து கூடத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் கதை. நாற்காலி உடைகிறது, கதவு கழன்று விழுகிறது, சுவரே சாய்கிறது, கணவராக வரும் நல்லையா அண்ணன் எல்லாவற்றின்மேலும் விழுகிறார். நான் மட்டும் விழவில்லை.

பேச்சையும் எடுத்துவிட்டோம். பக்கத்திலேயே ராட்டினம் சுற்றுகிறது, யார் பேசினாலும் காதில் விழுவதில்லை. பேச்சு போனதும் ஒன்று நடந்தது. வழியில் போகிற சீனரும் மலாய்க்காரரும் நின்று பார்க்கிறார்கள். நிற்பவர்கள் டிக்கட்டும் வாங்குகிறார்கள். முதலாளி இப்போது அது தன்னுடைய யோசனை என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லட்டும். அண்ணா, அது என்னுடையது. முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை நான் செய்தது. உங்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

ருக்மணி


காஜா பெராங்
7 ஜூலை 1957

அன்புள்ள ருக்குவுக்கு,

மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு மலாக்காவில் பெரிய கொண்டாட்டம் நடக்கப்போகிறது. பண்டார் ஹிலிர் திடலில் மேடை. ஏற்பாட்டுக் குழுவில் இந்தியர் சார்பில் நானும் ஒருவன். நேற்று கூட்டம்.

சீனருக்குச் சிங்க நடனம், மலாய்க்காரருக்கு ஜோகெட் ஆட்டம், நமக்குப் பரதநாட்டியம் என்று பேசிக்கொண்டே போனார்கள். தலைவர் குறுக்கிட்டு, "அவரவருக்கு ஒன்று இருக்கட்டும். எல்லாரும் சேர்ந்து பார்க்க ஒன்று வேண்டாமா?" என்று மலாயில் கேட்டார்.

துணிக்கடை ஷரீஃபுதீன் ராவுத்தர் எழுந்தார். "சிங்கப்பூர்ல ஒரு பொண்ணு இருக்குங்க. தட்டு அடுக்கிக்கிட்டு நடக்குது. பேச்சே கெடையாது. எனக்கு இந்தப் பக்கம் ஒரு சீனக் கடைத் தவுக்கே, அந்தப் பக்கம் ஒரு மலாய் போலீஸ் மாத்தா. மூணு பேரும் ஒரே நேரத்துல சிரிச்சோம். பேரு ருக்மணியோ என்னமோ" என்றார்.

குறிப்பு எழுதிக்கொண்டிருந்த தம்பிராஜா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை. எழுந்து, "அவள் என் தங்கை" என்று சொன்னேன். தமிழில் சொல்லிவிட்டு, மலாயிலும் சொன்னேன்.

தலைமுறைகளாக மலாய் பேசும் செட்டி கம்பத்து நடராஜன் பிள்ளைக்குத் தமிழ் வராது என்று உனக்குத் தெரியும். "அடிக் லு கா?" என்று நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். உன் தங்கையா என்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். தம்பிராஜா உன் பெயரை எழுத்துப் பிழையோடு எழுதினார். நான் பக்கத்தில் போய் நின்று திருத்தினேன்.

குழுவின் அழைப்பு முதலாளிக்குத் தனியாக வரும். இது உனக்கு, அண்ணன் எழுதுவது. படி ஏறாதே என்று எழுதியதைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். சபாவினர் பள்ளிக்கூடத்தில் தங்கட்டும், நீ நம் வீட்டுக்கு வா. அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. ஒத்திகைக்கு என்று கோகிலா எனாமல் மங்குத் தட்டுகளை வெளியே எடுத்துவைத்துவிட்டு, பீங்கானையெல்லாம் பூட்டிவிட்டாள்.

பொன்னுதுரை


காஜா பெராங்
5 செப்டம்பர் 1957

அன்புள்ள ருக்கு,

விடிந்ததும் லோரி வந்துவிட்டது, நின்று நாலு வார்த்தை பேச முடியவில்லை. மேடைமேல் நடந்தது உனக்குத் தெரியும். கீழே நடந்ததை நான் சொல்கிறேன்.

அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. தெங்கேராவிலிருந்து கடையை மூடிவிட்டு வந்த தவுக்கேமார், மலாய்க் கெபாயா உடுத்திய செட்டிப் பெண்கள், போர்த்துகீசிய வம்சத்துச் செரானிகள், ஆயர் குரோ பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லோரி லோரியாக நம் ஜனங்கள். மழை பெய்து பலகை நனைந்திருந்தது. மரத்தூள் போடச் சொன்னேன், போட்டார்கள், போதவில்லை.

நீ தட்டுகளோடு நுழைந்ததும் எல்லாரும் சும்மாவே சிரித்தார்கள். நாற்காலி போனது, கதவு போனது, நல்லையா ஜன்னல் வழியாக விழுந்தார். பிறகு சுவர் சாய்ந்தபோது உன் கால் நிஜமாகவே வழுக்கியது. யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, உன் வலது தோள் சட்டென்று மேலே போனது. நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். தட்டுகள் ஒரு பக்கம் சாய்கின்றன. நீ ஒற்றைக் காலில் நின்று, வழுக்கிய பலகையை, வாடகை பாக்கி வைத்தவனைப் பார்ப்பதுபோல் ஒரு முறை முறைத்தாய். திடலே வெடித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் காலை ஊன்றிக்கொண்டு நடந்துவிட்டாய். என் பக்கத்திலிருந்த தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதைத் தினமும் செய்வாளா என்று கேட்டார். "இன்றைக்குத்தான் முதல்முறை" என்றேன். அவர் நம்பவில்லை.

அப்புறம் அந்த மாலை. குழுவின் சார்பில் நான்தான் போட வேண்டும் என்று தள்ளிவிட்டார்கள். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைக் கால்சட்டையோடு மேடை ஏறியவன், இரண்டாவது அடியில் மல்லாந்து விழுந்தேன். மலாக்கா முழுவதும் சிரித்தது, ருக்கு. சின்ன வயதிலிருந்து நான் பயந்துகொண்டிருந்த சத்தம் அதுதான். எழுந்து ஓடிவிடலாம் என்று கையை ஊன்றினேன். நீ தட்டுகளோடு என் பக்கத்தில் வந்து நின்று, உதடு அசையாமல், "எந்திரிக்காதீங்க. கொஞ்சம் இருங்க" என்றாய். இருந்தேன். வானத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே கிடந்தேன். சிரிப்பு மெல்ல அடங்கியது. "இப்ப மாலையத் தூக்குங்க" என்றாய். படுத்தபடியே மாலையைத் தூக்கினேன். நீ குனிந்து, தட்டு ஒன்றுகூட அசையாமல், கழுத்தை நீட்டினாய்.

அந்தக் கைதட்டலை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். அப்பாவை நினைத்துக்கொண்டேன். துக்கமாக இல்லை.

மறுநாள் பசாரில் மீன்காரக் கிழவர் என்னைக் கண்டதும் மீன் கூடையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு நடந்து காட்டினார். தம்பிராஜா ஆபீஸ் வாசலிலேயே நின்று, "நாங்க நாளெல்லாம் சும்மா செஞ்சு பாத்தோம், வரல. எப்படிங்க அது?" என்று கேட்டார். அதற்குப் பல வருடம் பழக வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அண்ணன்


ஈப்போ
9 அக்டோபர் 1957

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை நல்லையா அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். "ஒங்க அண்ணன் விழுந்தது ஒண்ணாம் நம்பர். கை ஊன்றினதுதான் தப்பு" என்றார். உங்கள் இடுப்பு எப்படி இருக்கிறது? அண்ணியிடம் கேட்டு எழுதுங்கள், நீங்கள் உண்மை சொல்ல மாட்டீர்கள்.

ஒரு செய்தி. பினாங்கில் ஒரு கொட்டகைக்காரர் மலாக்கா நிகழ்ச்சியைப் பற்றிக் கேள்விப்பட்டு எங்களைக் கூப்பிட்டிருக்கிறார். நாடகம் வேண்டாமாம். முழு நேரமும் சிரிப்புக் காட்சிகள்தானாம். இதுவரை எங்கள் சபாவில் சிரிப்பு என்றால், ராஜா வேடக்காரர் உடை மாற்றும்வரை திரைக்கு முன்னால் கூட்டத்தைச் சமாளிப்பது. இந்தத் தடவை ராஜா வேடக்காரர் வாசலில் டிக்கட் கிழிக்கப்போகிறார். அவருக்கு வருத்தம்தான். எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் ரொம்ப இல்லை.

காட்சிகளை வரிசைப்படுத்துவது, யார் எங்கே நிற்பது, எதை எப்போது உடைப்பது எல்லாம் என் பொறுப்பு. முதலாளி நேற்று எல்லார் முன்னாலும், "இனிமே இதுல ருக்மணி சொல்றதுதான்" என்று சொல்லிவிட்டார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பல் பிடுங்கினவர்போல் இருந்தார். நான் நன்றி என்று மட்டும் சொன்னேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சுற்று ஆடினேன்.

இன்று காலை இங்குள்ள டாக்டர் தோளைப் பார்த்தார். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி விழலாம் என்றார். அவர் வாழ்க்கையில் யாரிடமும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

மாலையில் காலிக் கொட்டகையில் பலகைமேல் போய் நின்றேன். ரொம்ப நேரம் நின்றேன், அண்ணா. உடம்பு மறந்திருக்குமோ என்று பயம். சாக்கு போடட்டுமா என்று நல்லையா அண்ணன் கேட்டார். வேண்டாம் என்றேன். மூச்சை விட்டேன். விழுந்தேன்.

எழுந்து பார்த்தால் நல்லையா அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறார். எனக்கோ சிரிப்பு நிற்கவில்லை. நாளைக்குப் பினாங்குக்குக் கிளம்புகிறோம்.

உங்கள் தங்கை
ருக்மணி